ஒரு படி பிரியாணி: ஆம்பூர் குடும்பங்களின் விசேஷ வரலாறு

ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டே விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று பிரியாணி, இன்னொன்று தோல். சென்னை - பெங்களூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதில் எந்த வாசனை முதலில் மூக்கில் ஏறும் என்பது அன்றைக்குக் காற்று அடிக்கும் பக்கத்தைப் பொறுத்தது! ஆனால் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு இரண்டும் வேறு வேறு இல்லை. ஒன்றிலிருந்து சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில் இன்னொன்று வீட்டுக்கு வந்தது.

வரலாறு என்றால் ராஜா, போர், ஒப்பந்தம், ஆண்டு என்று படித்தே நமக்குப் பழக்கம். ஒரு ஊர் மக்கள் கல்யாணத்துக்கு என்ன சமைத்தார்கள், பண்டிகைக்கு யார் வீட்டுக்கு எதைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பதும் வரலாறுதான். அதை யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த வகை வரலாற்றைப் பற்றியது.

நவாப் கதை எவ்வளவு உண்மை?

ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எந்தப் பத்திரிகையில் எழுதினாலும் முதல் வரியில் ஆற்காடு நவாப் வந்துவிடுவார். நவாப்பின் சமையலறையில் வேலை பார்த்த ஹுசைன் பேக் என்பவர் ஆம்பூருக்கு வந்து கடை போட்டார், அது 1890 வாக்கில் நடந்தது, இன்று 'ஸ்டார் பிரியாணி' என்று பல ஊர்களில் இருப்பது அவருடைய வாரிசுகளின் கடை என்று சொல்லப்படுகிறது.

நவாப்புகளுக்கும் ஆம்பூருக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூர் அருகே நடந்த போரில்தான் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். எதிரில் நின்றவர்கள் சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாக பிரெஞ்சுப் படை. அன்வருத்தீனின் மகன் முகமது அலி பிறகு ஆங்கிலேயர் ஆதரவோடு நவாப் ஆனார். வாலாஜாபேட்டை என்ற ஊர்ப் பெயரில் இருக்கும் 'வாலாஜா' அவருடைய பட்டம்தான்.

ஆனால் ஆண்டுகளைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். முகமது அலி 1768-ல் சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். 1855-ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும் நவாப் பதவியே ஒழிக்கப்பட்டது. பிறகு அந்தக் குடும்பத்துக்கு 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் மட்டும் கொடுக்கப்பட்டது. அவர்கள் ராயப்பேட்டை அமீர் மஹாலில் இருக்கிறார்கள். அதாவது 1890-ல் ஆற்காட்டில் நவாப்பும் இல்லை, நவாப்பின் சமையலறையும் இல்லை. சென்னையில் இருந்த இளவரசர் வீட்டுச் சமையல் வேண்டுமானால் இருந்திருக்கலாம்.

இதனால் அந்தக் கதை பொய் என்று ஆகிவிடாது. சமையல்காரர்களின் கைப்பழக்கம் அரண்மனையோடு இடிந்து போவதில்லை. படைகளோடும் ஜாகிர்தார்களோடும் வந்து வேலூர், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தங்கிவிட்ட குடும்பங்களில் அந்தக் கைப்பழக்கம் தொடர்ந்தது. ஆற்காட்டு மக்கன் பேடாவும் இப்படிப்பட்டதுதான். கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வகைகள் வைத்து, நெய்யில் பொரித்து, பாகில் ஊறப் போடுவார்கள். அதையும் நவாப் கதையோடுதான் விற்பார்கள். 'மக்கன்' என்றால் உருதுவில் வெண்ணெய்.

கேள்வி வேறு. நவாப்புகள் இருந்த ஊர்கள் எத்தனையோ உண்டு. எல்லா ஊரிலும் பிரியாணி இப்படிக் கூலிக்காரர் வீடு வரை வந்து சேரவில்லை. ஆம்பூரில் மட்டும் எப்படி வந்தது? இங்கேதான் தோல் வருகிறது.

ரயிலும் ஆவாரம்பட்டையும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1-ம் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பிறகு அது மேற்கே நீண்டு பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று போனது. தோல் வியாபாரத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பச்சைத் தோல் வந்து இறங்க ரயில், கழுவ ஆற்றுத் தண்ணீர், பதப்படுத்தக் காடுகளில் ஆவாரம்பட்டையும் கொன்னைப் பட்டையும், கடைசியில் கடுக்காயும் புங்க எண்ணெயும். பதப்படுத்திய தோல் சென்னைத் துறைமுகத்துக்குப் போய் லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் விற்றது. முதல் உலகப் போரில் (1914-18) பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் பெருமளவில் தேவைப்பட்டது. வட ஆற்காடு தோல் மண்டிகளும் டேனரிகளும் அந்தக் காலத்தில் நன்றாகக் காசு பார்த்தன.

அந்தக் காசு எங்கே போனது என்பது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. மேல்விஷாரத்தைச் சேர்ந்த தோல் வியாபாரி சி. அப்துல் ஹக்கீம் (1863-1938) சென்னை சென்ட்ரல் எதிரே சித்தீக் சராய் கட்டினார். அவர் பெயரில் மேல்விஷாரத்தில் 1965-ல் கல்லூரி வந்தது. தோல் முதலாளிகள் கட்டிய பள்ளிகள், மதரஸாக்கள், மருத்துவமனைகள் இந்த ஊர்களில் நிறைய.

முதலாளியின் காசு கட்டிடமாக நிற்கிறது. தொழிலாளியின் காசு எங்கே போயிருக்கும்? சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் எடுத்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள், ஏழை முஸ்லிம்கள். வாரக் கூலி. அந்தக் கூலி அரிசி, கறி, வாடகை, பீடி, சினிமா என்று கரைந்தது. அதன் மிச்சம் ஞாபகமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு அப்பா வரும்போது கையில் இலையில் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது என்ற ஞாபகம், இந்தப் பகுதியில் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும்.

ஒரு தவறான முடிவுக்கும் போய்விடக் கூடாது. 'தோல் ஊர் ஆச்சே, மாடு அறுக்கிறார்கள், தோல் டேனரிக்கு, கறி பிரியாணிக்கு' என்று சிலர் சுலபமாகக் கணக்குப் போடுவார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் வரும் ஜாயின்ட் ப்ராடக்ட் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. ஆம்பூரில் பதனிட்ட தோலில் பெரும்பகுதி இந்தியாவின் வேறு வேறு மூலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்தது. பிரியாணியை ஊருக்குள் பரப்பியது தோல் இல்லை, தோல் தந்த கூலி. தினமும் ஆயிரக்கணக்கான பேர் பசியோடு வேலை முடிந்து வெளியே வருகிற ஊரில், கையில் கொஞ்சம் காசும் இருந்தால், சாப்பாட்டுக் கடை நன்றாக ஓடும். கூடவே நெடுஞ்சாலையும் ரயில் நிலையமும்!

எத்தனை படி?

ஆம்பூர் பிரியாணியின் செய்முறை ரகசியம் ஒன்றும் இல்லை. சீரகச் சம்பா அரிசி (இப்போது பாஸ்மதியும் நிறைய). அரிசி எவ்வளவோ கறியும் அவ்வளவு. மிளகாய்த்தூளுக்குப் பதில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், அளவான பட்டை கிராம்பு. அரிசியைத் தனியாகப் பாதிக்கு மேல் வேகவைத்து, கஞ்சியை வடித்து, கறி மசாலாவோடு சேர்த்து, மூடியின் மேல் நெருப்புத் துண்டுகள் போட்டு தம் கட்டுவார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி, புளி ஊற்றிய கத்திரிக்காய். உருது பேசும் வீடுகளில் அதற்கு கட்டா பேங்கன் என்று பெயர். மசாலா தூக்கலாக இருக்காது. அதனால்தான் காலையிலேயே சாப்பிட முடிகிறது என்பார்கள்.

கல்யாண வீடுகளில் இதை எண்ணுவது தட்டுக் கணக்கில் இல்லை, படிக் கணக்கில். ஒரு படி அரிசி ஏறக்குறைய ஒன்றரை கிலோ. 'பத்திரிகை எத்தனை அடிச்சீங்க?' என்பதற்கு அடுத்த கேள்வி 'எத்தனை படி போடறீங்க?' என்பதுதான். ஒரு குடும்பத்தின் வசதி, கௌரவம், கடன் மூன்றும் அந்த எண்ணில் தெரிந்துவிடும். ஆகவே அந்த எண்ணைப் பெரியவர்கள் பல ராத்திரி உட்கார்ந்து பேசுவார்கள். மாமா இரண்டு படி கூட்டச் சொல்வார். அத்தை ஒரு படி குறைக்கச் சொல்வார். தாதி 'பத்தாம போனா மானம் போயிடும்' என்று முடித்துவிடுவார்.

சமைப்பவர் பண்டாரி. முதல் நாள் ராத்திரியே வந்து அடுப்புக் கல் கூட்டி, விறகு அடுக்கி, தேக்சாவைக் கவிழ்த்துக் கழுவி வைப்பார். வீட்டுப் பெண்கள் தெருவோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பார்கள், வெங்காயம் நறுக்குவார்கள். பக்கத்து வீட்டு இந்துப் பெண்களும் அதில் இருப்பார்கள். பல குடும்பங்களின் நிஜமான கல்யாண ஞாபகம் இந்த ராத்திரிதான். மாப்பிள்ளை குதிரையில் வந்தாரா காரில் வந்தாரா என்பது மறந்து போகும். விடியற்காலை தேக்சா மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவி மறக்காது. மிஞ்சியதை டிபன் கேரியரில் அடைத்து, வர முடியாதவர்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது குழந்தைகளின் வேலை. கேரியர் காலியாகத் திரும்பி வராது, ஏதாவது ஒன்று அதில் வரும்.

கல்யாணம் வருஷத்தில் சில நாள்தான். மற்ற நாட்களுக்கு குஸ்கா இருக்கிறது! கறி இல்லாத பிரியாணிச் சோறு. கறி விழுந்தால் அதிர்ஷ்டம். பாக்கெட்டில் குறைந்த காசு இருக்கும் தொழிலாளிக்கும் காலேஜ் பையனுக்கும் அது கடவுள் கொடுத்த வரம். பிரியாணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குஸ்காவை மறந்துவிடுகிறார்கள். ஆனால் சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் குஸ்காவுக்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

நான்கு பண்டிகை, ஒரே அடுப்பு

ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். சாயங்காலம் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். உடம்பு சரியில்லாத குழந்தைக்கு அந்தக் கஞ்சி நல்லது என்று வாங்கிப் போகும் அம்மாக்களும் உண்டு. 2001 முதல் தமிழக அரசு இந்தக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது.

பக்ரீத்தில் குர்பானிக் கறி மூன்று பங்கு: வீட்டுக்கு, உறவினர்களுக்கு, ஏழைகளுக்கு. தோலை மதரஸாக்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் தானமாகக் கொடுப்பது வழக்கம். அது ஏலத்தில் விற்று, கடைசியில் டேனரிக்குப் போகும். பண்டிகையும் தொழிலும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் இடம் இது. கடந்த பத்து வருஷங்களில் தோல் விலை பலமாக விழுந்துவிட்டது. ஒரு காலத்தில் மதரஸாப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவுக்கு உதவிய தோலை, சில இடங்களில் வாங்க ஆள் இல்லாமல் புதைக்க வேண்டியிருக்கிறது.

தீபாவளி என்றால் போனஸ். 1970-களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, முழுமையாக முடித்த தோல், ஷூ மேல்பாகம், முழு ஷூ என்று தொழில் மாறியது. ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின்களில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறவர்கள். குடும்ப வரலாற்றில் இது பெரிய மாற்றம். முன்பு பொட்டலம் வாங்கி வந்தவர் அப்பா. இப்போது தீபாவளி போனஸில் பிள்ளைக்குத் துணியும், வீட்டுக்கு பிரியாணியும் வாங்கி வருகிறவர் அம்மா! 'இன்னைக்கு சமைக்கப் போறதில்லை' என்று ஒரு அம்மா சொல்லக்கூடிய சந்தோஷம் இருக்கிறதே, அதுவும் தோல் தொழில் தந்ததுதான்.

கிறிஸ்துமஸ் சமயம் சர்ச் தெருக்களிலும், ஊர் காலனிகளிலும் மாட்டுக்கறி பிரியாணி கொதிக்கும். ஆட்டுக்கறி விலையோடு ஒப்பிட்டால் மாட்டுக்கறி வெகுவாக மலிவு. அரிசிக்குச் சமமாகக் கறி போட வேண்டும் என்ற விதியை ஒரு ஏழைக் குடும்பம் காப்பாற்ற முடிந்தது இதனால்தான். இது வெறும் சிக்கன விஷயம் இல்லை. பல குடும்பங்களுக்கு 'நம்ம வீட்டு பிரியாணி' என்றாலே அதுதான்.

ஆற்றை இழந்த கதை

இந்தச் சந்தோஷங்களுக்கு ஒரு விலை இருந்தது. அதையும் எழுதாமல் விட்டால் இது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

பாலாறு மழைக் காலம் தவிர மற்ற நாளில் மணல்தான். ஆனால் மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வரும். காணும் பொங்கலுக்கு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைக்குப் போனதும், ஊற்றுத் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பியதும் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகள். ஊற்றுத் தண்ணீரில் சோறு வேகும் ருசியே தனி என்பார்கள்.

ஆவாரம்பட்டை போய் குரோம் வந்த பிறகு கழிவின் தன்மை மாறியது. உப்பும் ரசாயனமும் நிலத்தில் இறங்கின. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழானதை அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கிய தீர்ப்புகளில் இது முக்கியமானது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போடப்பட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. ஆனால் பிரச்சினை முடியவில்லை என்பதற்கு, 2025 ஜனவரியில் இதே டேனரி மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு விரிவான தீர்ப்பு சொல்ல வேண்டி வந்ததே சாட்சி.

2021 நவம்பர் மழையில் பாலாற்றில் கரை புரண்டு வெள்ளம் வந்தது. எச்சரிக்கையையும் மீறி மக்கள் பாலங்களில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். வெள்ளத்தைப் பார்க்க ஏன் இவ்வளவு ஆர்வம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தாத்தா சொன்ன கதையில் மட்டும் இருந்த ஆற்றை அந்தப் பிள்ளைகள் அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

2022: யாருடைய பிரியாணி?

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் புதிய திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஊரே சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணி கிடையாது என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. அனுமதிக்காவிட்டால் திருவிழா நடக்கும் இடத்துக்கு வெளியே இலவசமாகக் கொடுப்போம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளி வைக்கப்பட்டது. மாட்டுக்கறியை மட்டும் விலக்குவதைப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே விமர்சனத்துக்குப் பிறகு மாட்டுக்கறி பிரியாணிக் கடைக்கு இடம் கிடைத்தது.

இதை வெறும் அரசியல் செய்தியாகப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் முன்னால் சொன்ன வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. நவாப் கதை திருவிழா மேடைக்கு நன்றாக இருக்கும். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஏறி வந்தவரின் பொட்டலம் மேடைக்கு ஒத்துவரவில்லை. ஊரின் பெயரைச் சொல்லி விழா எடுக்கும்போது, அந்த ஊரில் ஒரு பகுதி மக்களின் ஞாயிற்றுக்கிழமை அந்த விழாவில் இல்லை என்றால், அவர்கள் கோபப்படுவதில் ஆச்சரியம் என்ன? எதிர்ப்பு ஒரு தட்டு பிரியாணிக்காக இல்லை. 'எங்க வீட்டு ஞாபகமும் இந்த ஊர் ஞாபகம்தான்' என்று சொல்வதற்காக. விருப்பம் இல்லாதவர்கள் சாப்பிட வேண்டாம், அது அவரவர் உரிமை. ஆனால் ஒருவர் சாப்பிடாததற்காக இன்னொருவர் வீட்டு அடுப்பை வரலாற்றிலிருந்து எடுத்துவிட முடியாது.

ஆம்பூர் கல்யாண வீடுகள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டன. சைவம் சாப்பிடும் விருந்தாளிக்குத் தனி அடுப்பு, தனிப் பந்தி. மாட்டுக்கறி சாப்பிடாதவருக்கு ஆட்டுக்கறி. யாருக்கு எது என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவார்கள். யாரும் பசியோடு போகக் கூடாது என்பது ஒன்றுதான் விதி.

இப்போது கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வந்துவிட்டது. விறகு போய் கேஸ் வந்துவிட்டது. படிக் கணக்குக்குப் பக்கத்தில் பக்கெட் பிரியாணி வந்து உட்கார்ந்திருக்கிறது. மாற்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒன்று செய்யலாம். அவர்கள் கல்யாணத்துக்கு எத்தனை படி போட்டார்கள், அந்தக் காசு எங்கிருந்து வந்தது, மிஞ்சியது யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆம்பூர் என்றில்லை, எந்த ஊராக இருந்தாலும் சரி. கல்வெட்டு வைக்க யாரும் வரப் போவதில்லை. அந்த நோட்டுதான் நம் வீட்டுக் கல்வெட்டு.